லேசரிலிருந்து ஃபெம்டோ விநாடித் துடிப்பு எப்படிப் பிறக்கிறது?

கேள்வி இது: லேசர் ஒளி ஒரே நிறம் கொண்டது என்று பாடநூல்கள் சொல்கின்றன, அதே சமயம் கண் அறுவை சிகிச்சையிலும் நுண்ணிய உலோக வேலைகளிலும் ஃபெம்டோ விநாடி லேசர்கள் பயன்படுவதாகப் படிக்கிறோம். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் ஒளியைத் திறந்து மூடுகிற கருவி எது, அது எப்படி இயங்குகிறது?

அப்படிப்பட்ட கருவி எதுவும் இல்லை என்பதே நேரடியான விடை. ஃபெம்டோ விநாடித் துடிப்பு, நீண்ட ஒளிக்கற்றையிலிருந்து வெட்டியெடுத்த துண்டு அல்ல. பல்லாயிரம் வெவ்வேறு அதிர்வெண்கள் லேசருக்குள்ளேயே ஒன்றுகூடி அதை உருவாக்குகின்றன. அவற்றை ஒன்றுகூட்டுகிற வேலையையும் பெரும்பாலும் ஒளியே செய்துகொள்கிறது. எனவே அந்த லேசர் ஒரே நிறத்தில் ஒளிர்வதும் இல்லை, ஒளிரவும் முடியாது. இது ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அளவுகளை மனத்தில் கொள்ள வேண்டும். நானோ விநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி 30 சென்டிமீட்டர் செல்கிறது. பிக்கோ விநாடி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபெம்டோ விநாடி அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 ஃபெம்டோ விநாடி நீளமுள்ள ஒரு துடிப்பை அப்படியே நிறுத்தி அளக்க முடிந்தால், அதன் நீளம் 30 மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. மின்னழுத்தத்தால் இயங்கும் ஒளித் தடுப்பான்களில் மிக வேகமானவை நானோ விநாடி அளவில் திறந்து மூடுகின்றன. தொலைத்தொடர்பில் ஒளியின் அளவை ஏற்றி இறக்கப் பயன்படும் பண்பேற்றிகள் இன்னும் வேகமானவை என்றாலும், அவையும் பிக்கோ விநாடிகளில் நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே மின்னணுவியல் எட்டுவதில்லை.

வேகமான தடுப்பான் ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், ஒற்றை நிறத்திலிருந்து குறுந்துடிப்பு கிடைக்காது. முழுமையான ஒற்றை அதிர்வெண் என்பது தொடக்கமும் முடிவும் இல்லாமல் அலைந்துகொண்டே இருக்கும் அலைக்கு மட்டுமே பொருந்தும். அதை வெட்டிய உடனேயே, வெட்டும் செயலே புதிய அதிர்வெண்களைச் சேர்த்துவிடுகிறது. எவ்வளவு குறுக வெட்டுகிறோமோ அவ்வளவு அதிகமாக நிறமாலை விரிகிறது. மணி வடிவத் துடிப்பு ஒன்றின் கால அளவையும் அதன் அதிர்வெண் அகலத்தையும் பெருக்கினால் கிடைக்கும் எண் 0.44-க்குக் கீழே போகாது. வடிவம் மாறினால் இந்த எண் சற்று மாறும், ஆனால் தப்ப முடியாது. 800 நானோமீட்டர் அலைநீளத்தில் 100 ஃபெம்டோ விநாடித் துடிப்பு வேண்டுமானால், ஏறத்தாழ 9.4 நானோமீட்டர் அகலமுள்ள நிறமாலை கட்டாயம் தேவை. 10 ஃபெம்டோ விநாடி வேண்டுமானால் 94 நானோமீட்டர் தேவை. இது கருவியின் குறையால் வரும் வரம்பு அல்ல. அலைகளின் கணிதத்திலேயே உள்ள வரம்பு. குறுந்துடிப்பு லேசரைப் பற்றிய எல்லாமே இந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான் கிளைக்கிறது.

வரலாற்றில் முதலில் வந்த வழி இதைவிட எளிமையானது. 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபூவில், ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியடோர் மைமன் இயக்கிய ரூபி லேசரே துடிப்பு லேசர்தான். பளிச்சிட்டு மறையும் ஒரு ஃபிளாஷ் விளக்கு அதற்கு ஆற்றல் ஊட்டியது. அவ்வகை லேசரின் ஒளி சீராக வருவதில்லை. மைக்ரோ விநாடி அளவிலான ஒழுங்கற்ற முட்களாகச் சிதறி வருகிறது. இதற்கு அடுத்த ஆண்டு ராபர்ட் ஹெல்வார்த் ஒரு தீர்வை முன்வைத்தார். 1962-இல் அவரும் மெக்லங்கும் கெர் செல் என்னும் மின்னழுத்தத் தடுப்பானைக் கொண்டு அதைச் செய்து காட்டினர். அதுவே க்யூ-ஸ்விட்ச்சிங்.

அதன் தத்துவம், மதகை அடைத்து ஏரியை நிரப்பிவிட்டு ஒரேயடியாகத் திறப்பதைப் போன்றது. லேசர் இயங்க, இரண்டு ஆடிகளுக்கு நடுவில் ஒளி திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். இந்த அமைப்பை ஒத்ததிர்வி என்போம். அதற்குள் ஒரு தடுப்பானை வைத்து ஒரு ஆடியை மறைத்துவிட்டால், அணுக்களில் ஆற்றல் ஏறிக்கொண்டே போகும், ஆனால் லேசர் இயங்காது. ரூபியின் மேல் ஆற்றல் நிலை சுமார் 3 மில்லி விநாடி தாங்கும். நியோடைமியம் யாக் படிகத்தில் அது ஏறத்தாழ 230 மைக்ரோ விநாடி. அந்த நேரம் முழுவதும் சேமித்த பிறகு தடுப்பானைத் திறந்தால், தன்னிச்சையாக உமிழப்பட்ட சில ஃபோட்டான்களே விதையாகி, ஒவ்வொரு சுற்றிலும் தூண்டு உமிழ்வால் (ஒரு ஃபோட்டான் அணுவிலிருந்து தன்னைப் போன்ற இன்னொன்றை வெளிக்கொணர்வதால்) பல மடங்கு பெருகி, சேமிப்பு முழுவதையும் சில சுற்றுகளில் இறைத்துவிடுகின்றன. 100 மில்லிஜூல் ஆற்றல் 10 நானோ விநாடியில் வெளியேறினால் அந்நேரத்தில் திறன் 1 கோடி வாட். பச்சை குத்தியதை நீக்கும் லேசர்களும் தொலைவளக்கும் லேசர்களும் பெரும்பாலும் இந்த வகையே.

ஆனால் இந்த முறையில் துடிப்பின் நீளத்தைத் தீர்மானிப்பது ஒத்ததிர்விக்குள் ஒளி போய்வர ஆகும் நேரம். 30 சென்டிமீட்டர் ஒத்ததிர்வியில் ஒரு சுற்றுக்கு 2 நானோ விநாடி. பெருகவும் வடியவும் சில சுற்றுகள் தேவை. ஒத்ததிர்வியைக் குறுக்கினால் துடிப்பும் குறுகும் என்றாலும், பிக்கோ விநாடிக்குக் கீழே இறங்க இந்த வழி உதவாது. அங்கே வேறொரு கருத்து தேவைப்படுகிறது.

இரண்டு ஆடிகளுக்கு நடுவில் எந்த அதிர்வெண் வேண்டுமானாலும் தங்கிவிட முடியாது. ஒரு முழுச் சுற்றில் முழு எண்ணிக்கையிலான அலைநீளங்கள் அடங்கும் அதிர்வெண்கள் மட்டுமே நிலைக்கும். இவற்றை மோட் என்போம். ஆடிகளின் இடைவெளி 1.875 மீட்டர் என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு 12.5 நானோ விநாடி ஆகும். அடுத்தடுத்த இரு மோட்களுக்கு இடையிலான அதிர்வெண் வேறுபாடு அதன் தலைகீழ், அதாவது 80 மெகாஹெர்ட்ஸ். ஒளியைப் பெருக்கும் ஊடகம் எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையைப் பெருக்குகிறதோ அதற்கேற்ப மோட்களின் எண்ணிக்கை அமையும். ஹீலியம் நியான் வாயுவின் பெருக்கப் பட்டை சுமார் 1.5 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஆகவே இத்தகைய ஒத்ததிர்வியில் அதற்கு இருபதுக்கும் குறைவான மோட்களே கிடைக்கும். டைட்டேனியம் சஃபையர் படிகமோ 650 முதல் 1100 நானோமீட்டர் வரை பெருக்குகிறது. அதில் வெறும் 9.4 நானோமீட்டர் பகுதியை மட்டும் எடுத்தாலே ஏறத்தாழ 55,000 மோட்கள் அடங்கும். 'ஒரே நிறம்' என்ற பாடநூல் வாசகம், குறுகிய பட்டையுள்ள வாயு லேசர்களுக்கு நியாயமான தோராயம். லேசர்கள் எல்லாவற்றுக்குமான விதி அல்ல.

சற்றே மாறுபட்ட அதிர்வெண் கொண்ட இரண்டு இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்தால் விம்மல்கள் எழுவதைப் பள்ளி ஆய்வகத்தில் கேட்டிருப்போம். இரண்டு மோட்கள் சேர்ந்தாலும் அதேதான் நடக்கிறது: ஒளிச்செறிவு மென்மையாக ஏறி இறங்குகிறது. சம இடைவெளியில் மூன்றாவதைச் சேர்த்தால், மூன்றும் ஒரே கணத்தில் உச்சத்தில் சந்திக்கும்படி அமைத்தால், உச்சம் உயர்கிறது, ஆனால் குறுகுகிறது. மோட்களைக் கூட்டிக்கொண்டே போனால், அவை அனைத்தும் உச்சத்தில் சந்திக்கும் கணம் மேலும் மேலும் குறுகி, மற்ற நேரங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அவை மீண்டும் சந்திப்பது மிகச் சரியாக ஒரு சுற்று நேரம் கழித்து. அதாவது 12.5 நானோ விநாடிக்கு ஒரு முறை துடிப்பு. அதன் நீளம், சுற்று நேரத்தை மோட்களின் எண்ணிக்கையால் வகுத்த அளவை ஒட்டியது. 55,000 மோட்களுக்கு அது 100 முதல் 200 ஃபெம்டோ விநாடி வரம்பில் வருகிறது. துல்லியமான எண் மோட்களின் பரவல் வடிவத்தைப் பொறுத்தது. சராசரித் திறன் சற்றும் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே ஆற்றல்தான் நேரத்தில் குவிகிறது.

இங்கே ஒரு நிபந்தனையைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டோம்: எல்லா மோட்களும் ஒரே கணத்தில் உச்சத்தில் சந்திக்க வேண்டும். சாதாரண லேசரில் ஒவ்வொரு மோடும் தன் தன் கட்டத்தோடு (அதாவது தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறதோ அதனோடு), மற்றவற்றைப் பற்றிய தொடர்பே இல்லாமல் அதிர்கிறது. அப்போது கூட்டுத்தொகை துடிப்பாக அமையாது, இரைச்சலாகத்தான் இருக்கும். கட்டங்களை ஒன்றோடொன்று பூட்டினால்தான் துடிப்பு உண்டு. இதனால்தான் இந்த முறைக்கு மோட் லாக்கிங் என்று பெயர். பல விளக்கங்கள் மோட்களைக் கூட்டிக் காட்டும் வரைபடத்தோடு முடிந்துவிடுகின்றன. அந்தக் கட்டங்களைப் பூட்டுவது எது என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. என் பார்வையில் இயற்பியல் தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான். அதற்கு விடை காண, அதிர்வெண் கணக்கை ஒதுக்கிவைத்து, ஒத்ததிர்விக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒளியைக் காலத்தின் வழியாகப் பார்ப்பது நல்லது.

முதல் விடை 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஹார்க்ரோவ், ஃபோர்க், பொல்லாக் ஆகிய மூவரும் ஒரு ஹீலியம் நியான் லேசருக்குள் மீயொலியால் இயங்கும் பண்பேற்றியை வைத்து, சரியாக ஒரு சுற்று நேரத்துக்கு ஒரு முறை அதன் இழப்பு குறையும்படி இயக்கினர். இந்தப் பண்பேற்றி குறுகத் திறந்து மூட வேண்டிய அவசியமே இல்லை. மெதுவாக ஏறி இறங்கும் அலைபோல அது இழப்பை மாற்றினால் போதும். இழப்பு குறைவான கணத்தில் அதைக் கடக்கிற ஒளி சற்றே அதிகம் தப்பிக்கிறது. அடுத்த சுற்றிலும் அதே கணத்தில் வந்து மீண்டும் சற்றே அதிகம் தப்பிக்கிறது. விநாடிக்குப் பல கோடி சுற்றுகள் நடக்கும் இடத்தில், ஒரு சுற்றில் கிடைக்கும் மிகச் சிறிய சலுகைகூடத் திரண்டு, மற்ற நேரங்களில் பயணிக்கும் ஒளியை முற்றிலும் வெளியேற்றிவிடுகிறது. இதையே அதிர்வெண் மொழியில் சொன்னால், பண்பேற்றி ஒவ்வொரு மோடின் இருபுறமும் 80 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் பக்க அதிர்வெண்களை உருவாக்குகிறது. அவை அண்டை மோட்களின் மேலேயே சரியாக விழுந்து, அவற்றைத் தன் கட்டத்தோடு இழுத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு வருணனைகள்.

இந்த முறைக்கு ஓர் உள்ளார்ந்த தடை உண்டு. துடிப்பு குறுகக் குறுக, பண்பேற்றியின் அலையில் உச்சியிலுள்ள சமமான பகுதிக்குள் முழுத் துடிப்பும் அடங்கிவிடுகிறது. அதன் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் கிடைக்கும் சலுகையில் வேறுபாடே இல்லாமல் போகிறது. குறுக்கும் விசை எங்கே மிக அதிகமாகத் தேவைப்படுகிறதோ அங்கே அது ஓய்ந்துவிடுகிறது. அதனால்தான் நியோடைமியம் யாக் படிகத்தின் 120 கிகாஹெர்ட்ஸ் பட்டை ஏறத்தாழ 4 பிக்கோ விநாடித் துடிப்புக்கு இடம் கொடுத்தாலும், இவ்வகைப் பண்பேற்றியால் அதிலிருந்து கிடைப்பவை பல பத்து பிக்கோ விநாடிகள்தான்.

தேவைப்படுவது, துடிப்பு குறுகும்போது தானும் வலுவடைகிற ஒன்று. அப்படி இருக்கக்கூடியது துடிப்பின் சொந்த ஒளிச்செறிவு மட்டுமே. ஆற்றல் மாறாமல் நீளம் பாதியானால் உச்சச் செறிவு இரட்டிப்பாகும். எனவே செறிவு அதிகமான ஒளிக்குக் குறைந்த இழப்பையும், செறிவு குறைந்த ஒளிக்கு அதிக இழப்பையும் தருகிற ஒரு பொருளை ஒத்ததிர்விக்குள் வைத்துவிட்டால், துடிப்பு தானே தன்னைச் செதுக்கிக்கொள்ளும். தொடக்கத்தில் சில சாயக் கரைசல்கள் இந்த வேலையைச் செய்தன: மங்கலான ஒளியை அவை உறிஞ்சிக்கொள்ளும், செறிந்த ஒளி வந்தால் உறிஞ்சக்கூடிய மூலக்கூறுகள் எல்லாம் நிரம்பிவிட, மீதி ஒளி கடந்துவிடும். 1966-இல் நியோடைமியம் கண்ணாடி லேசரில் இவ்வழியில் பிக்கோ விநாடித் துடிப்புகள் கிடைத்தன. 1981-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபோர்க், கிரீன், ஷாங்க் ஆகியோர் சாய லேசர் ஒன்றில் 90 ஃபெம்டோ விநாடியை எட்டினர். பின்னர் 1990-களில் உர்சுலா கெல்லர் உருவாக்கிய குறைகடத்தி உறிஞ்சு ஆடிகள் இதே வேலையை நம்பகமாகச் செய்து, தொழிற்சாலைகளில் ஓடும் லேசர்கள் பலவற்றில் இடம்பிடித்தன.

என்றாலும் மிக அழகான தீர்வு உறிஞ்சுவதே இல்லை. 1982-இல் பீட்டர் மோல்டன் டைட்டேனியம் சஃபையரை லேசர் ஊடகமாக அறிமுகப்படுத்தினார். 1991-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்பென்ஸ், கீன், சிபெட் ஆகியோர், உறிஞ்சும் பொருள் எதையும் வைக்காத டைட்டேனியம் சஃபையர் லேசரிலிருந்து 60 ஃபெம்டோ விநாடித் துடிப்புகள் வருவதை வெளியிட்டனர். அதன் காரணம் பிறகே தெளிவானது. எந்த ஒளிபுகும் பொருளிலும், ஒளிச்செறிவு கூடும்போது ஒளிவிலகல் எண் மிகச் சிறிதளவு கூடுகிறது. இது கெர் விளைவு. லேசர் கற்றை நடுவில் செறிந்தும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பதால், கற்றையின் நடுவில் ஒளிவிலகல் எண் சற்று அதிகமாகிறது. தட்டையான படிகமே ஒரு குவிலென்ஸ் போலச் செயல்பட்டு, கற்றையைக் குவிக்கிறது.

எண்களை இட்டுப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். சராசரியாக அரை வாட் வெளியிடும் ஒரு லேசரை எடுத்துக்கொள்வோம். வெளியே விடும் ஆடி பத்தில் ஒரு பங்கை மட்டும் விடுகிறது என்றால் உள்ளே சுற்றும் ஒளி 5 வாட். படிகத்துக்குள் கற்றையின் ஆரம் 25 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், தொடர்ச்சியான 5 வாட் ஒளி சஃபையரின் ஒளிவிலகல் எண்ணை மாற்றும் அளவு, பத்தாம் தசம இடத்தில்தான் தெரியும். அந்த லென்ஸ் இல்லாததற்குச் சமம். அதே 5 வாட், 12.5 நானோ விநாடிக்கு ஒன்றாக வரும் 100 ஃபெம்டோ விநாடித் துடிப்புகளாகக் குவிந்தால், உச்சத் திறன் ஒன்றேகால் லட்சம் மடங்காகி, 6 லட்சம் வாட்டைத் தாண்டுகிறது. ஒளிவிலகல் எண் மாற்றம் லட்சத்தில் இரண்டு பங்கை எட்டுகிறது. இது போதும். ஆடிகளின் இடைவெளியை, இந்த மெல்லிய லென்ஸ் இருக்கும்போது மட்டும் கற்றை ஒடுங்கி ஒரு சிறு துளையைக் கடக்கும்படியோ, படிகத்துக்கு ஆற்றல் தரும் ஊட்டொளி விழும் பகுதியோடு நன்றாகப் பொருந்தும்படியோ அமைத்துவிட்டால், துடிப்பாக ஓடும் ஒளிக்கு இழப்பு குறைவு, தொடர்ச்சியாக ஓடும் ஒளிக்கு இழப்பு அதிகம். கெர் விளைவு சில ஃபெம்டோ விநாடிகளிலேயே எதிர்வினை காட்டுவதால், எந்த மின்னணுவியலும் எட்ட முடியாத வேகம் அதற்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

ஆய்வகத்தில் இதை நேரில் காண்பது மறக்க முடியாத அனுபவம். சில மில்லிமீட்டர் நீளமுள்ள படிகத்தின் மேல் 532 நானோமீட்டர் பச்சை ஒளி விழ, படிகம் சிவப்பாக ஒளிர்கிறது. நிறமாலைமானியின் திரையில் 800 நானோமீட்டரை ஒட்டி ஊசிபோல ஒரு குறுகிய கோடு நிற்கிறது. லேசர் இயங்குகிறது, ஆனால் துடிப்பு இல்லை. கெர் லென்ஸ் உருவாக வலுவான துடிப்பு வேண்டும், வலுவான துடிப்பு உருவாகக் கெர் லென்ஸ் வேண்டும் என்பதால், பல லேசர்கள் இந்த நிலையிலேயே நின்றுவிடும். ஒரு முப்பட்டகத்தை விரலால் சற்று நகர்த்திவிட்டாலோ, ஆடியின் தாங்கியை மெல்லத் தட்டிவிட்டாலோ ஒத்ததிர்விக்குள் ஒரு கணம் ஒளிச்செறிவு குலுங்குகிறது. அந்தக் குலுக்கலில் எழும் முட்களில் மிக உயரமான ஒன்று கெர் லென்ஸின் சலுகையைப் பெற்று, சுற்றுக்குச் சுற்று வளர்ந்து மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. திரையில் ஊசி மறைந்து, பல பத்து நானோமீட்டர் அகலமுள்ள மேடு அதே நொடியில் எழுகிறது. வேகமான ஒளி டையோடை இணைத்த ஆசிலோஸ்கோப்பில் 12.5 நானோ விநாடி இடைவெளியில் சீரான துடிப்பு வரிசை ஓடுகிறது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: 800 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்பாகவே தெரியும், அந்த மங்கலை நம்பிப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றுவது நிரந்தரப் பார்வை இழப்பில் முடியும்.

மோட்களைப் பூட்டிவிட்டாலும் அவை பூட்டியபடியே இருக்கும் என்ற உறுதி இல்லை. கண்ணாடியிலும் படிகத்திலும் சிவப்பு, நீலத்தைவிட வேகமாகச் செல்கிறது. இந்த நிறப்பிரிகையால், பல நிறங்கள் சேர்ந்த துடிப்பு படிகத்தைக் கடக்கும்போது சிவப்பு முன்னே ஓடி, நீலம் பின்தங்கி, துடிப்பு நீண்டுவிடுகிறது. 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள உருகிய சிலிக்காக் கண்ணாடித் துண்டு, 800 நானோமீட்டர் அருகே, 100 ஃபெம்டோ விநாடித் துடிப்பைக் கடத்தினால் அது ஏறத்தாழ மாறாமலே வெளியேறும். அதே கண்ணாடியில் 10 ஃபெம்டோ விநாடித் துடிப்பு நுழைந்தால், வெளியே வருவது 100 ஃபெம்டோ விநாடித் துடிப்பு. பத்து மடங்கு! குறுகிய துடிப்பில் நிறங்கள் அதிகம், விலகுவதற்கான நேர இடைவெளியோ குறைவு. ஆகவே அடி இரு பக்கமும் விழுகிறது. ஒத்ததிர்விக்குள் துடிப்பு விநாடிக்கு 8 கோடி சுற்றுகளில் படிகத்தைக் கடந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்தால், இதைச் சரிக்கட்டாமல் ஃபெம்டோ விநாடி லேசர் சாத்தியமே இல்லை என்பது புலப்படும்.

சரிக்கட்டும் வழியை 1984-இல் ஃபோர்க், மார்டினெஸ், கோர்டன் ஆகியோர் காட்டினர். முதல் முப்பட்டகம் நிறங்களைப் பிரிக்கிறது. சற்றுத் தள்ளி வைத்த இரண்டாம் முப்பட்டகத்தில் சிவப்பு அதிகக் கண்ணாடியைக் கடக்க நேர்கிறது, நீலம் குறைவாகக் கடக்கிறது. பின்தங்கிய நீலம் இதனால் முன்னே வந்து சேர்ந்துகொள்கிறது. 1994-இல் ராபர்ட் சிபோச், ஃபெரன்ஸ் க்ராஸ் ஆகியோரின் குழு வேறொரு வழி கண்டது: பல அடுக்குப் பூச்சு கொண்ட ஆடியில் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு ஆழத்தில் பிரதிபலிக்கும்படி அடுக்குகளின் தடிமனை மாற்றி அமைத்தனர். நடைமுறையில் நிறப்பிரிகையைச் சரியாகப் பூச்சியமாக்காமல், எதிர்ப்பக்கம் சற்று மிகைப்படுத்தியே வைப்பார்கள். காரணம், அதே கெர் விளைவு துடிப்பின் முன்பகுதியைச் சிவப்பு நோக்கியும் பின்பகுதியை நீலம் நோக்கியும் நகர்த்துகிறது; எதிர்மறை நிறப்பிரிகை நீலத்தை முன்தள்ளும்போது இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து, துடிப்பு தன் வடிவம் கெடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட துடிப்புக்கு சாலிட்டான் என்று பெயர்.

இவ்வளவு குறுகிய ஒன்றை அளப்பது எப்படி என்பதும் நியாயமான ஐயம். எந்த ஒளி உணரியும் அந்த வேகத்தில் இயங்காததால், துடிப்பைத் துடிப்பாலேயே அளக்கிறார்கள். கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் பாதையை நகரும் ஆடியால் மாற்றி, இரண்டையும் ஒரு படிகத்தில் சந்திக்க வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது மட்டும் இரட்டிப்பு அதிர்வெண்ணில் நீல ஒளி பிறக்கிறது. ஆடியை 1 மைக்ரோமீட்டர் நகர்த்தினால் பாதை 2 மைக்ரோமீட்டர் மாறும். அது சுமார் 6.7 ஃபெம்டோ விநாடித் தாமதம். திருகாணியால் நகர்த்தக்கூடிய தூரமே இங்கே நேரத்தை அளக்கும் கோலாகிவிடுகிறது.

ஒத்ததிர்வியிலிருந்து வரும் ஒரு துடிப்பின் ஆற்றல் சில நானோஜூல்தான். அதை நேரடியாகப் பெருக்கினால், உச்சச் செறிவு ஏறி, பெருக்கும் படிகமே சிதைந்துவிடும். 1985-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார்ட் மூரூவும் இதற்கு வழி கண்டனர்: முதலில் துடிப்பை நிறவாரியாக நீட்டி, நீண்ட நிலையில் பெருக்கி, பிறகு நிறங்களைப் பிரிக்கும் கீற்றணிகளைக் கொண்டு மீண்டும் குறுக்குவது. அவர்கள் நீட்டுவதற்கு 1.4 கிலோமீட்டர் ஒளியிழையைப் பயன்படுத்தினர். இறுதியில் 2 பிக்கோ விநாடித் துடிப்பைப் பெற்றனர். மற்ற இடங்களில் தொல்லையாக இருந்த நிறப்பிரிகை, இங்கே கருவியாகிவிட்டது. இதற்கு 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை லேசர்களும் இந்த வழிமுறையால் பயன்பெற்றவை. குவியும் புள்ளியில் உச்சச் செறிவு மிக அதிகம், மொத்த ஆற்றலோ மிகக் குறைவு. எனவே விழிவெண்படலத்தின் உள்ளே அந்தப் புள்ளியில் மட்டும் திசு விலகுகிறது, சுற்றுப்புறம் சூடாவதில்லை.

கடைசியாக, இந்தக் குறுக்கல் எங்கே நிற்கும்? 800 நானோமீட்டர் ஒளியின் ஒரு முழு அலைவுக்கு 2.67 ஃபெம்டோ விநாடி ஆகிறது. கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் கட்டம் பிசகாமல் கூட்டினாலும், கிடைப்பது ஏறத்தாழ 1.1 ஃபெம்டோ விநாடிதான். அதற்குக் கீழே இறங்க, புற ஊதாவின் தொலைவுப் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே பெருக்கித் தரும் அகலமான லேசர் ஊடகம் இல்லை. எனவே வலுவான ஃபெம்டோ விநாடித் துடிப்பை ஒரு வாயுவில் குவிக்கிறார்கள். ஒளியின் மின்புலம் எலக்ட்ரானை அணுவிலிருந்து பிய்த்து, திசை மாறும்போது அதை மீண்டும் அணுவோடு மோதச் செய்கிறது. அந்த மோதலில் மூல அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகளில் ஒளி வெளிப்படுகிறது. ஆன் லூயிலியே 1980-களின் பிற்பகுதியில் தொடங்கி ஆராய்ந்தது இந்த நிகழ்வைத்தான். 2001-இல் பியர் அகோஸ்தினியின் குழு, ஆர்கான் வாயுவிலிருந்து வந்த அடுத்தடுத்த ஐந்து மடங்குகளின் கட்டங்கள் ஒன்றோடொன்று பூட்டியிருப்பதை அளந்து, அவை 250 அட்டோ விநாடித் துடிப்புகளின் வரிசையாக அமைவதைக் காட்டியது. ஃபெம்டோ விநாடியில் கால் பங்கு அது. அதே ஆண்டில் க்ராஸின் குழு 650 அட்டோ விநாடி கொண்ட தனித்த துடிப்பைப் பிரித்தெடுத்தது. மூவருக்கும் 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துடிப்புகளைக் காற்று உடனே உறிஞ்சிவிடும் என்பதால், அவை பிறப்பதும் பயணிப்பதும் அளக்கப்படுவதும் வெற்றிடக் கலங்களுக்குள்ளேதான்.